மானுடவியல் படித்தவருக்கு அருங்காட்சியகத்தில் என்ன வேலை? – வாசகர் கேள்வி பதில்

வட ஆற்காட்டுக் கைவினைப் பொருட்களைப் பற்றிச் சென்ற மாதம் இங்கே எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "இந்தத் துறைக்கு வர என்ன படிக்க வேண்டும்?" என்று கேட்டு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அருங்காட்சியகப் பணியிலேயே வாழ்நாளைக் கழித்து, ஓய்வு பெற்று, இப்போது சத்துவாச்சாரியில் இருக்கும் எனக்கு இதைவிடச் சந்தோஷம் வேறு இல்லை. சில கடிதங்களுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

அம்மா, பிளஸ் டூ முடித்திருக்கிறேன். அப்பா கைத்தறியில் லுங்கி நெய்கிறார். இளங்கலையில் மானுடவியல் படித்து, முதுகலையில் அருங்காட்சியகவியல் படிக்க ஆசை. இரண்டும் ஒட்டுமா? வரலாறு படித்தாலே போதும் என்று வீட்டில் சொல்கிறார்கள்.
– மாணவி, குடியாத்தம்

நன்றாக ஒட்டும் பாப்பா. இந்த வரிசையில் படிப்பதுதான் சரி என்பது என் உறுதியான எண்ணம். முதலில் மனிதரிடம் கேட்கப் பழக வேண்டும், அது மானுடவியல். பொருளைக் காப்பாற்றுவதை அப்புறம் கற்றுக்கொள்ளலாம், அது அருங்காட்சியகவியல்.

உன் அப்பாவின் தறியில் குறுக்கு நூலைச் சுமந்து ஓடுகிற மரக்கட்டையான நாடா ஒன்று அருங்காட்சியகத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள். அருங்காட்சியகவியல் படித்தவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று உடனே தெரியும். மரத்தைப் பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்ப்பார். சந்தேகம் இருந்தால் பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரிக் குளிரில் ஓரிரு வாரம் வைப்பார். நீளம், எடை, எங்கே விரிசல், எங்கே தேய்மானம் என்று நிலை அறிக்கை எழுதுவார். ஒரு சேர்க்கை எண் கொடுப்பார். அந்த எண்ணையும் மரத்தின் மேல் நேராக எழுதிவிட மாட்டார். பாரலாய்ட் பி-72 என்கிற பிசினை ஒரு ஓரத்தில் சின்னதாகப் பூசி, காய்ந்த பிறகு அதன்மேல் மையால் எழுதி, மறுபடி ஒரு பூச்சு கொடுப்பார். பின்னால் எப்போதாவது எண்ணை எடுக்க வேண்டி வந்தால் அசிட்டோன் தொட்டுத் துடைத்துவிடலாம், மரத்துக்கு ஒன்றும் ஆகாது. பொறுமையாகச் செய்ய வேண்டிய அழகான வேலை இது. எனக்கு மிகவும் பிடித்த வேலையும் இதுதான்.

சரி, அட்டையில் என்ன எழுதுவது? "நாடா. மரம். குடியாத்தம். 20-ஆம் நூற்றாண்டு." அவ்வளவுதானா? நம் அருங்காட்சியகங்களில் எத்தனையோ அட்டைகள் இப்படித்தான் இருக்கின்றன. மானுடவியல் படித்தவள் அதோடு நிற்க மாட்டாள். தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருப்பவர் பக்கத்தில் போய் உட்காருவாள். நாடாவைச் செய்தது எந்த ஊர் ஆசாரி? நாடாவுக்குள் வைக்கும் நூல் தாரைச் சுற்றுவது அம்மாவா பாட்டியா, அதற்குக் கூலி தனியாக உண்டா? நீள நூலான பாவை விரித்து ஓடும்போது தெருவில் எத்தனை வீட்டுக்காரர்கள் கை கொடுக்க வேண்டும், மழை வந்தால் என்ன செய்வார்கள்? முதலாளியிடம் வாங்கிய முன்பணம் எப்போது தீரும்? தெருவில் விசைத்தறி வந்த வருஷம் யார் வீட்டில் முதலில் தறியை இறக்கினார்கள்? ஆயுதபூஜை அன்று நாடாவுக்குப் பொட்டு வைப்பது யார்? இத்தனையும் கேட்டு எழுதிய பிறகுதான் அந்த மரத்துண்டு முழுசாக அருங்காட்சியகத்துக்குள் வருகிறது. நெய்தவர் போன பிறகு இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை.

வரலாறு படித்தாலும் தவறில்லை. ஆவணத்தைப் படிக்கிற, சந்தேகப்படுகிற பழக்கம் அதில் வரும். ஆனால் உன் தெருவில் உயிரோடு இருக்கிறவர்களிடம் எப்படிக் கேட்பது, எதைக் கேட்கக் கூடாது, கேட்டதை எப்படிக் குறித்து வைப்பது என்பதை மானுடவியல்தான் முறையாகச் சொல்லிக் கொடுக்கிறது.

இந்த இரண்டு படிப்பும் தமிழ்நாட்டில் சேர்ந்து நடந்த கதை நீளமானது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் 1851-ல் தொடங்கியது. 1885 முதல் 1908 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். ஊர் ஊராகப் போய் மக்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார். நகை, ஆயுதம், வீட்டுச் சாமான் என்று ஏராளமாகச் சேர்த்தார். கே. ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி 1909-ல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அந்த உழைப்பு பெரியது. ஆனால் அளக்கப்பட்டவரிடம் "உங்களுக்கு இதில் சம்மதமா?" என்று கேட்கும் வழக்கம் அந்தக் காலத்து மானுடவியலில் இல்லை. மூக்கின் அகலத்தை வைத்து மனிதரைத் தரம் பிரித்த அந்த அறிவியல் பொய்த்தும் போய்விட்டது. பிறகு 1940 முதல் 1960 வரை அதே நாற்காலியில் ஏ. ஐயப்பன் என்ற மானுடவியலாளர் இருந்தார். நம் நாட்டவரே, களப்பணி செய்தவரே, அருங்காட்சியகத்தை நடத்தினார். ஆகவே நீ கேட்பது யாரும் போகாத பாதை இல்லை. எழும்பூரில் இன்றும் மானுடவியலுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வா.

எங்கே படிப்பது என்பதுதான் சிக்கல். இளங்கலை அளவில் மானுடவியல் தமிழ்நாட்டில் அரிது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. மானுடவியல் இருக்கிறது, ஹன்ஸ்ராஜ் கல்லூரியிலும் நடத்துகிறார்கள், க்யூட் என்கிற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். மேற்கு வங்காளத்தில் பல கல்லூரிகளில் உண்டு. பி.எஸ்சி. என்றால் பிளஸ் டூவில் அறிவியல் கேட்பார்கள், முதலில் அதைப் பார்த்துக்கொள். வீட்டை விட்டு அவ்வளவு தூரம் போக முடியாது என்றால் இக்னோ என்கிற இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தொலைநிலையில் மானுடவியல் எடுக்கலாம். இன்னொரு வழியும் இருக்கிறது: வேலூரிலேயே வரலாறோ சமூகவியலோ விலங்கியலோ படித்துவிட்டு, முதுகலையில் மானுடவியலுக்கு மாறுவது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1945-லிருந்து அந்தத் துறை இருக்கிறது, புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது.

அருங்காட்சியகவியல் முதுகலைக்கு பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகம்தான் மூத்தது, 1952-ல் தொடங்கியது. கொல்கத்தாவில் 1959-ல் தொடங்கினார்கள். காசி இந்துப் பல்கலைக்கழகம், அலிகர், நொய்டாவில் இருக்கும் இந்திய மரபுடைமை நிறுவனம் என்று வேறு இடங்களும் உண்டு. எல்லாமே வடக்கே இருக்கின்றன என்பது எனக்கு ஆறாத வருத்தம். இவ்வளவு பொருள் வைத்திருக்கிற தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அதைக் காக்கும் படிப்புக்கு இரண்டு ராத்திரி ரயிலில் போக வேண்டியிருக்கிறது.

வணக்கம். என் மகன் இந்தப் படிப்புதான் வேண்டும் என்று நிற்கிறான். எனக்குத் தோல் தொழிற்சாலையில் சம்பளம். இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?
– ஒரு தந்தை, ஆம்பூர்

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அரசுப் பணியிடங்கள் குறைவு, அவையும் எப்போதாவதுதான் காலியாகும். அருங்காட்சியகங்கள் துறையின் காப்பாட்சியர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. மூலம் ஆள் எடுப்பார்கள். அந்தப் பழைய அறிவிக்கைகளை மகன் இப்போதே எடுத்துப் படிக்கட்டும். எந்தப் பாடத்தில் முதுகலை கேட்கிறார்கள், அருங்காட்சியகவியல் கூடுதல் தகுதியா, கட்டாயமா என்பது பிரிவுக்குப் பிரிவு வேறுபடும். மானுடவியல் பிரிவுக்கு மானுடவியலிலேயே முதுகலை கேட்டால், இளங்கலை மட்டும் வைத்திருப்பவர் வாசலிலேயே நின்றுவிடுவார். நல்ல பிள்ளைகள் இப்படி நின்றதைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

மாநில அரசை விட்டால் இந்திய மானுடவியல் அளவீட்டுத் துறை இருக்கிறது. தலைமையகம் கொல்கத்தா, தென்மண்டல மையம் மைசூரு. குடிமைப் பணித் தேர்வில் மானுடவியலை விருப்பப் பாடமாக எடுக்கலாம், பலர் எடுக்கிறார்கள். தனியார் பக்கம் சென்னை முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா போன்ற இடங்கள், புதிதாகக் காட்சிக்கூடம் அமைத்துக் கொடுக்கும் நிறுவனங்கள், ஆவணக் காப்பகங்கள் இருக்கின்றன. ஆரம்பச் சம்பளம் சொற்பம்.

என் யோசனை இதுதான்: இளங்கலைக்குப் பெரிய கடன் வாங்காதீர்கள். அரசுப் பல்கலைக்கழகக் கட்டணத்தில் முடிகிற வழியாகத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் இன்னொன்று. தோல் பதனிடுவது பற்றி உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் மகனிடம் சொல்லுங்கள். ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட காலத்துக் கருவிகளையும் அந்த வேலையைச் செய்தவர்களின் வாழ்க்கையையும் ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டில் யாராவது ஒருவர் உட்கார்ந்து எழுதியே ஆக வேண்டும். உங்கள் மகனுக்கு அந்த வீட்டுக் கதவுகள் எளிதாகத் திறக்கும்.

பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எனக்கு வழி இருக்கிறதா?
– மாணவர், ராணிப்பேட்டை

தாராளமாக இருக்கிறது. சென்னை அருங்காட்சியகத்தில் 1930-லேயே வேதியியல் பாதுகாப்புக் கூடம் அமைத்தார்கள். எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் அங்கேதான் வெண்கலச் சிலைகளுக்கு மின்பகுப்பு முறையில் வைத்தியம் பார்த்தார். மண்ணுக்குள் கிடந்த வெண்கலத்தில் குளோரைடு உப்பு ஊறியிருக்கும். ஈரக்காற்று பட்டதும் அது வெளிர்ப்பச்சைப் பொடியாகக் கிளம்பிச் சிலையைத் தின்ன ஆரம்பிக்கும். அதை நிறுத்தத் தெரிந்தவர்கள் நமக்கு நிறைய வேண்டும். நொய்டா நிறுவனத்தில் பாதுகாப்பியலுக்கென்றே முதுகலை உண்டு.

மேடம், வெளிநாட்டில் அருங்காட்சியகப் படிப்பு படிப்பது பயன் தருமா? நான் பள்ளி ஆசிரியை. என் தங்கை மானுடவியல் முடிக்கப்போகிறாள்.
– ஆரணி வாசகி

பயன் உண்டு, ஆனால் உடனே அனுப்பாதீர்கள். இங்கிலாந்தில் லெஸ்டர் பல்கலைக்கழகம் 1966-லிருந்து இதற்கென்றே தனித் துறை நடத்துகிறது. அங்கே முதுகலை பெரும்பாலும் ஓராண்டு, அமெரிக்காவில் இரண்டாண்டு. பார்வையாளர் ஆய்வு, காட்சி வடிவமைப்பு, பொருள் யாரிடமிருந்து எப்படி வந்தது என்று தடம் பிடிப்பது ஆகியவற்றை அங்கே நன்றாகக் கற்றுத் தருகிறார்கள்.

தடம் பிடிப்பது நமக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜரே சாட்சி. கோயிலிலிருந்து திருடுபோன அந்தச் சிலையை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008-ல் விலைக்கு வாங்கியது, 2014-ல் திருப்பிக் கொடுத்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் கோயில் கோயிலாகப் போய் எடுத்து வைத்திருந்த பழைய படங்கள் அந்தச் சிலை நம்முடையது என்று காட்ட உதவின. இந்த வேலைக்குத் தமிழ் தெரிந்த, கோயில் வழக்கம் தெரிந்த ஆட்கள் உலகம் முழுக்கத் தேவை.

தங்கை முதலில் இங்கே இரண்டு ஆண்டு வேலை பார்க்கட்டும். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகைக்கே இரண்டாண்டு பணி அனுபவம் கேட்கிறார்கள். பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையைப் பொறுத்தவரை ஒன்று கவனிக்க வேண்டும். 2022-ல் வந்த விதிகளில், இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, சமூகம் சார்ந்த தலைப்புகளுக்கு உதவி கிடையாது என்று சேர்த்துவிட்டார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு இது பெரிய அநியாயம் என்று நினைக்கிறேன். விண்ணப்பிக்கும் ஆண்டில் என்ன விதி என்பதை வரிக்கு வரி படித்துவிட்டு, பாடத்தலைப்பை முடிவு செய்யுங்கள்.

அம்மா, நான் சவ்வாது மலைக்காரன். எங்கள் வீட்டுப் பொருட்களைக் கீழே கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் எங்களுக்கு என்ன லாபம்? இதைப் படித்து நான் என்ன செய்ய?
– ஜமுனாமரத்தூர் பக்கத்திலிருந்து ஒரு மாணவர்

தம்பி, இந்த மாதம் வந்ததில் என்னை அதிகம் யோசிக்க வைத்த கடிதம் உங்களுடையது. உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

உங்கள் மலையில் புதிய கற்காலக் கைக்கோடரிகள் கிடைக்கின்றன. ஊர்க்காரர்கள் அவற்றை எடுத்து மரத்தடியில் வைத்துச் சாமியாகக் கும்பிடுகிறார்கள். கீழே திருப்பத்தூர்ப் பக்கம் பையம்பள்ளியில் 1960-களில் தொல்லியல் துறை தோண்டியபோது அதே காலத்து மக்களின் குழி வீடுகளும், கேழ்வரகு, கொள்ளுத் தானியங்களும் கிடைத்தன. தொல்லியலாளரின் கண்ணுக்கு மரத்தடிக் கோடரி ஒரு சான்று. அதைக் கும்பிடும் பாட்டிக்கு அது தெய்வம். அருங்காட்சியகவியல் மட்டும் படித்தவர் "பாதுகாப்பில்லை, எடுத்து வந்துவிடலாம்" என்று சொல்லக்கூடும். அது அங்கேயேதான் இருக்க வேண்டும் என்பேன். படம் எடுக்கலாம், அளவு எடுக்கலாம், யார் எப்போது எதற்குப் படையல் வைக்கிறார்கள் என்று ஊர் சம்மதத்தோடு எழுதலாம். கும்பிடுகிறவர் இருக்கும்வரை அந்தக் கல்லுக்கு வேறு காவல் தேவையில்லை.

போபாலில் ஷியாமளா மலைமேல் சுமார் 200 ஏக்கரில் இந்திரா காந்தி தேசிய மானவ சங்கிரகாலயம் இருக்கிறது. அங்கே பழங்குடி வீடுகளை அந்தந்த மக்களையே அழைத்து, அவர்கள் கையாலேயே கட்ட வைத்தார்கள். கண்ணாடிப் பெட்டி இல்லை. அமெரிக்காவில் 1990-ல் ஒரு சட்டம் கொண்டு வந்து, பூர்வகுடிகளின் முன்னோர் எலும்புகளையும் புனிதப் பொருட்களையும் அருங்காட்சியகங்கள் அவர்களிடமே ஒப்படைக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். இதெல்லாம் தானாக நடக்கவில்லை. உங்களைப் போல ஒருவர் "எங்களுக்கு என்ன லாபம்?" என்று கேட்டதால் நடந்தது.

நீங்கள் படித்து என்ன செய்யலாம்? எழும்பூரிலும் பிற ஊர்களிலும் மலைமக்கள் பொருள் என்று என்னென்ன இருக்கின்றன என்று பட்டியல் எடுக்கலாம். அதில் தப்பாக எழுதிய பெயர்களைத் திருத்தச் சொல்லிக் கேட்கலாம். ஊரிலேயே ஒரு பழைய வீட்டில், சாமைக் குதிரும் தேன் எடுக்கிற கருவிகளும் உரலும் வைத்து, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டிமார்களே விளக்குகிற மாதிரி ஒன்றைத் தொடங்கலாம். அந்த வீட்டுக்குச் சாவி உங்கள் ஊரிடம் இருக்கட்டும். மானுடவியலில் நீங்கள் படிக்கிற பாதிப் பாடம் உங்களைப் போன்றவர்களைப் பற்றி வெளியாட்கள் எழுதியதுதான். அதைப் படித்துப் பதில் எழுத உங்களுக்கு உரிமை இருக்கிறது. தயவுசெய்து படியுங்கள்.

மானுடவியல் சேர இன்னும் சில மாதம் இருக்கிறது. வேலூரில் இருந்தபடியே எதையாவது தொடங்கலாமா?
– மாணவி, காட்பாடி

தொடங்கலாம், காசும் அதிகம் ஆகாது. கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பொருட்களைப் பார்க்காமல், அவற்றைப் பார்க்க வருகிறவர்களைக் கவனி. எதன் முன்னால் நிற்கிறார்கள், எந்த அட்டையைப் படிக்கிறார்கள், எதைத் தாண்டிப் போகிறார்கள்? சி.எம்.சி. மருத்துவமனைக்கு வைத்தியத்துக்கு வந்து லாட்ஜில் தங்கியிருக்கிற வங்காளக் குடும்பங்கள் சாயங்காலம் கோட்டைக்கு வருவதைப் பார்த்திருப்பாய். அவர்களுக்கு நம் அட்டை என்ன சொல்கிறது? இலங்கையின் கண்டி நாட்டுக் கடைசி அரசர் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் 1815-ல் அரசை இழந்து, இந்தக் கோட்டையில் சிறையிருந்து 1832-ல் இறந்தார். அவரைப் பற்றி நாலே வரியில் ஓர் அட்டை எழுதிப் பார். இலங்கையிலிருந்து வந்தவர் படித்தாலும், தோட்டப்பாளையத்துச் சிறுவன் படித்தாலும் புரிய வேண்டும். எழுத எழுதத்தான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

இரண்டாவது வேலை இன்னும் பெரியது. நம் பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது, கடைசி நாள் படுகளம் என்கிற போர்க்களக் காட்சியில் துரியோதனனை மண்ணால் பெரிய உருவமாகப் படுக்க வைப்பார்களே, போய்ப் பார். விடியற்காலையிலிருந்து மண் குழைத்து, முகம் எழுதி, கண் வைத்து முடிப்பார்கள். மத்தியானத்துக்குள் கூத்துக்காரர்கள் பீமனாக வந்து தொடையில் அடிப்பார்கள், உருவம் கலைந்துவிடும். கலைவதற்காகவே செய்கிற ஒன்றை எந்த அருங்காட்சியகமும் வாங்கி வைக்க முடியாது. அப்படியென்றால் எதைக் காப்பது? செய்தவர் யார், அந்த உரிமை எந்தக் குடும்பத்துக்கு, மண் எந்த ஏரியில் எடுத்தது, கூத்து எந்த ஜமா (கூத்துக்குழு), திரௌபதி கூந்தல் முடிக்கிறபோது கூட்டத்தில் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டு எழுது. குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவும் இப்படிப்பட்டதுதான்.

எந்த ஊருக்குப் போனாலும் முதல் நாளே நோட்டை வெளியே எடுக்காதே. தர்மகர்த்தாவையும் பூசாரியையும் பார்த்து எதற்கு வந்திருக்கிறாய் என்று சொல். கருவறைப் பக்கம் போன் வேண்டாம் என்றால் வேண்டாம். பேசியவரின் பெயரை எழுதலாமா என்று அவரிடமே கேள், எழுதினதை அடுத்த முறை போகும்போது அவருக்குப் படித்துக் காட்டு. தப்பு இருந்தால் அவரே திருத்துவார், அந்தத் திருத்தத்தையும் தேதி போட்டுப் பக்கத்தில் குறித்து வை. பாரதம் பங்குனி, சித்திரையிலிருந்து ஆடி வரை ஊருக்கு ஊர் நடக்கும். செய்யாறு பக்கம் உறவுக்காரர் இருந்தால் எந்த ஊரில் எப்போது கொடியேற்றம் என்று இப்போதே விசாரித்து வைத்துக்கொள்.